ஜன்னலோர மேசையில் மூன்று பேர்

"எழுந்திருடா. எடம் மாத்திக்கலாம்," என்றான் லோகேஷ், உதடு அசையாமல்.

"எதுக்கு?"

"அவங்க வந்துட்டாங்க. ஜன்னலாண்ட உக்காந்துட்டாங்க. உன் பின்மண்டையப் பாத்துட்டா பொண்ணு குடுப்பாங்க?"

ஸ்ரீகாந்த் திரும்பிப் பார்க்கவில்லை. மெனு அட்டையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். "இருக்கட்டும் மச்சான். எனக்கு இதான் வசதி."

ஆறு இடம் தட்டிப்போன மனிதனின் குரல் அது என்று லோகேஷ் நினைத்தான். பாவம், முகத்தைக் காட்டவே பயப்படுகிறான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை மணி. ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில் புதிதாகத் திறந்திருந்த அந்த உணவகத்தில் எல்லாமே பார்ப்பதற்கு மரம் மாதிரி இருந்தது. தட்டிப் பார்த்தால் மட்டும் பிளாஸ்டிக் என்று தெரிந்தது. சுவரில் யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவர் குதிரைமேல் உட்கார்ந்து பருத்திப்பட்டு ஏரி இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெண் பார்ப்பதற்கு முன்னால் பார்க்கிற சந்திப்பு இது. வழக்கமாக இதற்குத் திருமுல்லைவாயல் கோயில் போதும். மாப்பிள்ளை சாமி கும்பிடுவதுபோல நிற்பான். பெண் வீட்டார் பிரகாரம் சுற்றுவதுபோல நாலு முறை சுற்றி அவனை அளந்துவிட்டுப் போவார்கள். பிடித்தால் ஜாதகம் நகரும். பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் பார்க்கவே இல்லை. யாருக்கும் அவமானம் கிடையாது. இந்தப் பெண் மட்டும், கோயிலில் எல்லோரும் நல்லவர்களாகத்தான் தெரிவார்கள், சாப்பிடும் இடத்தில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டாளாம். ஸ்ரீகாந்த் சொன்னான்.

சட்டம் ஒன்றுதான். இரண்டு மேசையும் ஒன்றை ஒன்று கண்டுகொள்ளக் கூடாது.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. அது ஸ்ரீகாந்தின் யோசனை. "நம்மளப் பத்தி நாமளே பேசினா நோட்டீஸ் குடுக்கற மாதிரி இருக்கும் மச்சான். நீ என்னப் பத்திப் பேசு, நான் உன்னப் பத்திப் பேசறேன். அவங்க காதுல வுழட்டும்."

லோகேஷ் அதை முழுமனதோடு ஏற்றுக்கொண்டிருந்தான். ஆறாவது இடம் தட்டிப்போனபோது ஸ்ரீகாந்த் தன் ஏசி சர்வீஸ் கடையின் ஷட்டரை இரண்டு நாள் இறக்கிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தான். மே மாதம். ஆவடியில் பாதி வீடுகள் வெந்துகொண்டிருந்தன. இந்த ஏழாவது இடமும் போனால் இனி பெண்ணே பார்ப்பதில்லை என்று அவன் சொல்லியிருந்தான். ஆகவே இன்று இந்தக் கல்யாணம் முடிவாக வேண்டும். அதற்குத் தன்னால் ஆனதை எல்லாம் செய்வது என்று லோகேஷ் வரும் வழியிலேயே தீர்மானித்திருந்தான்.

ஜன்னலோர மேசையில் பெண்ணின் அப்பா ஜெகதீசன், அவர் தங்கை பார்வதம், பெண் வித்யா. நூம்பலில் சொந்த வீடு, சொந்தமாக இரண்டு லாரி. ஜெகதீசன் வெள்ளைச் சட்டையில், கல்யாண வீட்டில் மொய் எழுத உட்கார்ந்தவர்போல இருந்தார்.

லோகேஷ் சர்வரைக் கூப்பிட்டான். சட்டையில் குத்தியிருந்த வில்லையில் 'தேவா' என்று பெயர் இருந்தது.

"அண்ணே, இவருக்கு நேரா ஏசி காத்து அடிக்குது. இவருக்கு ஏசி ஆவாது. நாங்க எடம் மாறி உக்காந்துக்கறோம்."

ஜன்னலோர மேசையில் மெனு அட்டை புரட்டுவது நின்றது.

"ஏசி கட வெச்சிகினு கீறவருக்கு ஏசி ஆவாதாமே," என்றார் ஜெகதீசன், தங்கையிடம்.

லோகேஷுக்கு வியர்த்தது. "இவருக்கு இல்லண்ணே, எனக்கு!" என்றான் சத்தமாக. "எனக்குத்தான் வீசிங். ராத்திரி ஆனா விசில் அடிக்கும். பக்கத்துல ஒருத்தரும் தூங்க முடியாது."

"டேய், உனக்கு எங்கடா வீசிங்?" என்றான் ஸ்ரீகாந்த்.

"நீ சும்மா இரு. நல்ல மனசுக்காரன் நீ, மறைக்கப் பாக்கற."

தேவா யோசித்துவிட்டு, ஏசி படாத இடம் ஸ்ரீகாந்துக்குப் பக்கத்து நாற்காலிதான் என்றான். இப்போது ஜன்னலுக்கு இருவரும் முதுகைக் காட்டினார்கள். அது இன்னும் மோசம். "அங்கயும் அடிக்குது," என்று சொல்லி ஸ்ரீகாந்தின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு லோகேஷ் எதிர்ப்புறம் வந்தான். கடைசியில் இருவரும் மேசையின் ஒரே பக்கத்தில், எதிரே இரண்டு காலி நாற்காலிகளோடு, ரயிலில் பக்கத்துப் பக்கத்து இருக்கை கிடைத்தவர்கள் மாதிரி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

"வேற யாராவது வர்றாங்களா சார்?" என்றான் தேவா.

"யாரும் வரல."

தேவா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனான். வித்யா தண்ணீர் டம்ளருக்குப் பின்னால் சிரித்தாள். லோகேஷ் அதைப் பார்த்தான். பார்த்திருக்க வேண்டாம்.

"வேலைக்கு ரொம்ப தூரம் போவணுமோ, இன்னாவோ," என்றார் ஜெகதீசன், ஜன்னல் கண்ணாடியிடம்.

ஸ்ரீகாந்த் உடனே நிமிர்ந்தான். "பட்டரவாக்கம் இன்னா பெரிய தூரம், இல்ல மச்சான்? ஆவடியில ஏறினா நாலு ஸ்டேசன். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுலயே உன் கம்பெனிதான் நல்ல கம்பெனி. பர்மனெண்ட் வேல!"

ஏற்பாட்டை இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிக்க வேண்டிய நேரமா இது? அவர்கள் மாப்பிள்ளையின் வேலையைக் கேட்கிறார்கள். இவன் நண்பனின் வேலையைப் புகழ்கிறான். பர்மனெண்ட் என்ற சொல்லைக் கேட்டதும் ஜெகதீசனின் முகம் மலர்ந்ததை லோகேஷ் கவனித்தான். ஆபத்து. ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

"பர்மனெண்டாவது ஒண்ணாவது," என்றான். "ஆறு மாசமா ஆள் கொறைக்கிறாங்க. அடுத்த லிஸ்டுல என் பேருதான். உன் தொழில்தான்டா தொழில். ஆவடியில வெயில் இருக்கற வரைக்கும் உன்ன அசைக்க முடியாது."

மேசைக்கு அடியில் ஸ்ரீகாந்த் அவன் காலை மிதித்தான். புகழ்ந்தால் கூச்சப்படுவான், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அதற்குள் ஸ்ரீகாந்த் கேட்டிருந்த மோஜிட்டோ வந்தது. உயரமான கண்ணாடி. ஐஸ், எலுமிச்சை, புதினா, மேலே ஒரு சின்னக் குடை. பார்த்தால் பெரிய குடிகாரனின் மதிய நேரம் மாதிரி இருந்தது.

பார்வதத்தின் கை வாய்க்குப் போனது. "அண்ணா, குடிக்கிற எடம்னா இப்பவே எழுந்து பூடலாம். எங்கூட்டுக்காரு கத ஒண்ணு போதாதா நம்ம குடும்பத்துக்கு?"

லோகேஷ் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கண்ணாடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"என் கிளாஸ ஏண்ணே இவன் முன்னால வெக்கிறீங்க? இவன் சரக்கு வாசன பட்டாலே எழுந்து போயிடுவான்."

"சார், இதுல ஆல்கஹால் எதுவும் கெடையாது," என்றான் தேவா. "நம்மகிட்ட பார் இல்ல சார்."

நல்ல மனிதன், உண்மையைச் சொல்கிறான். ஆனால் உண்மை இப்போது லோகேஷின் பேச்சை அறுத்துக்கொண்டு போனது. மாப்பிள்ளைக்காக ஒருவன் பொய் சொன்னான் என்று தெரிந்தால், மாப்பிள்ளையிடம் மறைக்க ஏதோ இருக்கிறது என்று ஆகிவிடும்.

"தெரியும்ணே," என்று சிரித்தான். "இப்போதைக்கு இது போதும். மத்தது சாயங்காலம் பாத்துப்பேன்."

"மாமே," என்றான் ஸ்ரீகாந்த் மெல்ல. "இன்னா பண்ணிகினு கீற நீ?"

"நீ கவலப்படாத. நான் இருக்கேன்."

"அதான்டா கவல!"

ஜன்னலோரத்தில் பார்வதம் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஜெகதீசன் பாஸ்தாவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அது நிம்மதிப் பெருமூச்சு என்று லோகேஷ் எடுத்துக்கொண்டான். மாப்பிள்ளை குடிப்பதில்லை என்று தெரிந்துவிட்டதே.

சிஸ்லர் வந்தது. இரும்புத் தட்டில் சீறிக்கொண்டு, புகை விட்டுக்கொண்டு, ஒரு சின்ன விபத்துபோல வந்தது. லோகேஷ் படித்த நாவல்களில் மனிதர்கள் இறைச்சியை வெட்டிக்கொண்டே துரோகத்தைப் பற்றியும் கடவுளைப் பற்றியும் பேசுவார்கள். கத்தி வழுக்கியதாக எந்த நாவலிலும் எழுதியிருக்கவில்லை.

ஸ்ரீகாந்தின் கத்தி வழுக்கியது. ஒரு கோழித்துண்டு மேசையைத் தாண்டி, காலி நாற்காலிகளைத் தாண்டி, பார்வதத்தின் செருப்பருகே போய் விழுந்தது.

கண்டுகொள்ளக் கூடாது என்பது சட்டம். ஆகவே பார்வதம் கண்டுகொள்ளவில்லை. கூரையைப் பார்த்தபடியே காலை நகர்த்திக்கொண்டாள். ஜெகதீசன் சுவரில் இருந்த குதிரையை ஆராய்ந்தார். ஐந்து பேரும் அந்தத் துண்டைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். அதுவோ தரையில் கிடந்து இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"ஐயையோ, என் கைதான்!" என்றான் லோகேஷ். கத்தியை ஸ்ரீகாந்திடமிருந்து பிடுங்கிக்கொண்டான். "காலைலேந்தே நடுங்குது. சாயங்காலம் ஒரு ரவுண்டு போனாத்தான் நிக்கும்."

ஸ்ரீகாந்த் மேசைமேல் நெற்றியை வைத்துக்கொண்டான். பிறகு கடைசி முயற்சிபோலத் தலையைத் தூக்கி, கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்.

"இவன் சும்மா சொல்றான்! டீயத் தவிர இவன் எதையும் தொட்டதில்ல. இவன் புக்கு படிக்கிறவன். ஊடு பூரா புக்குதான். வெளிநாட்டுக் கதையெல்லாம் தமிழ்ல வாங்கி வாங்கிப் படிப்பான்!"

வித்யா நிமிர்ந்தாள். முதல் தடவையாக, சட்டத்தை மீறி, நேராக லோகேஷைப் பார்த்தாள். அவளுடைய துணிப்பையின் வாயில் ஒரு தடித்த புத்தகத்தின் முதுகு தெரிந்தது. லோகேஷுக்கு அந்த அட்டையைத் தெரியும். அந்த மொழிபெயர்ப்பைப் படித்துக்கொண்டுதான் போன மாதம் ஒரு நாள் பட்டரவாக்கத்தில் இறங்க மறந்து வில்லிவாக்கம் வரை போய், அரை நாள் சம்பளத்தை இழந்தான். அதில் ஒரு கிழத் தபால்காரன் தன்னுடைய காதல் கடிதத்தைத் தானே நாற்பது வருடம் விநியோகிக்காமல் வைத்திருப்பான்.

லோகேஷ் சோபாவில் உட்கார்ந்து சொஜ்ஜி தின்று பெண் பார்க்க மாட்டேன் என்று வீட்டில் சொல்லியிருந்தான். ஒருத்தியைத் தற்செயலாக, ரயிலில், மழையில் சந்திக்க வேண்டும். எட்டு வருடமாக அதே ரயிலில் போகிறான். மழையும் பெய்திருக்கிறது. அம்மாகூட இரண்டு மாதமாகக் கல்யாணப் பேச்சை எடுப்பதில்லை; அவளும் கைவிட்டுவிட்டாள் போலும். இப்போது, இத்தனை வருடம் கழித்து, அந்த ஒருத்தி நாலு அடி தூரத்தில் பாஸ்தா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். நண்பனுக்குப் பெண்ணாக.

"எந்தக் கத புடிக்கும்னு கேட்டா சொல்வாங்களா அத்தே?" என்றாள் வித்யா, பார்வதத்திடம். குரல் மட்டும் இந்த மேசைக்கு வந்தது.

"சொல்லுடா!" என்றான் ஸ்ரீகாந்த். கண்ணில் நீர் நின்றது. "மச்சான், சொல்லுடா! எனக்கே எத்தினி தடவ சொல்லிகிற! அந்தத் தபால்காரன் கதய சொல்லு!"

பார், எவ்வளவு நல்லவன். தனக்குப் பார்த்த பெண்ணின் எதிரில் நண்பனுக்குப் பெருமை சேர்க்கிறான். இவனுக்கா துரோகம் செய்வது?

இந்த மாதிரி நேரத்தில் நாவல்களில் வருகிறவர்கள் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு பனியில் இறங்கி நடந்துவிடுவார்கள். ஆவடியில் பனி இல்லை. வெளியே முப்பத்தெட்டு டிகிரி. லோகேஷ் உருளைக்கிழங்கு வறுவலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"எனக்கென்னடா தெரியும்? தூக்கம் வர்றதுக்கு நாலு பக்கம் பொரட்டுவேன். அதுகூட இப்ப இல்ல. போன வாரம் எல்லாத்தையும் எடைக்குப் போட்டுட்டேன்."

வித்யா புத்தகத்தைப் பைக்குள் தள்ளி ஜிப்பை இழுத்தாள். அந்தச் சத்தம் லோகேஷின் உடம்பில் கழுத்திலிருந்து வயிறு வரை கேட்டது.

ஸ்ரீகாந்த் டிஷ்யூ பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நன்றியில் அழுகிறான் என்று லோகேஷ் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தான். அப்படியே எழுந்தவனை ஸ்ரீகாந்த் சட்டையைப் பிடித்து கை கழுவும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"மச்சான், நான் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். உங்கம்மாவுக்கு சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன், சொல்லக் கூடாதுதான். ஆனா இதுக்கு மேல—"

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்," என்றான் லோகேஷ். குழாயைத் திறந்துவிட்டான், தன் குரல் உடைவது கேட்கக் கூடாது என்று. "நான் அந்தப் பொண்ணப் பாத்தத நீ பாத்துட்ட. ஒரு தடவதான்டா பாத்தேன். ரெண்டு தடவ. இனிமே பாக்க மாட்டேன். அவ எனக்குத் தங்கச்சி மாதிரி."

"டேய், தங்கச்சின்னு சொல்லாதடா! கால்ல வுழறேன், அத மட்டும் சொல்லாத!"

"சொல்வேன். எல்லார் முன்னாலயும் சொல்வேன்."

அந்த நேரத்தில் பார்வதம் கை கழுவ வந்தாள். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஒரே கண்ணாடிக்கு முன்னால், மிக நீண்ட நேரம் கை கழுவினார்கள். லோகேஷ் கண்ணாடியில் ஸ்ரீகாந்தைப் பார்த்து, மறக்காமல் சொன்னான்: "எனக்குக் கூடப் பொறந்தவங்க இல்லடா. உனக்கு வரப்போற பொண்டாட்டிதான் எனக்குத் தங்கச்சி."

பார்வதம் குழாயை மூடாமலே போய்விட்டாள்.

வெளியே வெயில் வெளுத்துக்கொண்டிருந்தது. ஸ்ரீகாந்த் வண்டியை எடுக்கப் போனான். எதிர்ப்புறம் ஜெகதீசனின் கார் புறப்படத் தயாராக நின்றது. பின்சீட்டில் வித்யா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மடியில் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். பக்கம் திருப்பவில்லை.

லோகேஷ் ஒரு வேப்பமரத்து நிழலில் நின்றான். எல்லாம் நன்றாக முடிந்துவிட்டது. தொழில் தெரிந்துவிட்டது, குடிப்பழக்கம் இல்லை என்று தெரிந்துவிட்டது, நல்ல மனசு தெரிந்துவிட்டது. ஆவணி பிறந்ததும் முகூர்த்தம் வைப்பார்கள். அவன் மாப்பிள்ளைத் தோழனாக நிற்பான். கல்யாணத்துக்கு அந்தத் தபால்காரன் நாவலையே பரிசாகக் கொடுக்கலாம். இல்லை, அதுதான் அவளிடம் இருக்கிறதே. குக்கர் கொடுக்கலாம்.

பார்வதம் காரை விட்டு இறங்கி அவனை நோக்கி வந்தாள். சட்டம் முடிந்துவிட்டது போல. அவன் கைகூப்பினான்.

"ஏம்பா, ஒண்ணு கேக்கணும், தப்பா நெனச்சிக்காத," என்றாள். "அந்தக் குடி, கை நடுக்கம், வீசிங்கு, எல்லாம் நெசந்தானா?"

ஒரே ஒரு நொடி இருந்தது. காரின் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. அங்கிருந்து இரண்டு கண்கள் பதிலுக்குக் காத்திருந்தன. இல்லை என்று சொன்னால் ஸ்ரீகாந்தைப் பற்றிச் சொன்னதும் பொய்யாகிவிடும். ஏழாவது இடம். இறங்கிய ஷட்டர்.

"நெசந்தான்மா," என்றான் லோகேஷ். "எல்லாம் நெசம்."

கார்க் கண்ணாடி மேலே ஏறிக்கொண்டது.

"ஆனா அவன் அப்படி இல்லம்மா. அவன மாதிரி ஒருத்தன் கெடைக்கவே மாட்டான். உங்க பொண்ணக் கண்ணுல வெச்சிப் பாத்துப்பான். நான் கெட்டவன்னு அவன வேணாம்னு சொல்லிடாதீங்க. கல்யாணம் ஆயிட்டா நான் அந்த ஊட்டுப் பக்கமே வர மாட்டேன்." சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பார்வதம் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கெட்டுப்போனவனானாலும் சிநேகிதத்துக்கு உருகுகிறானே என்ற இரக்கம் அவள் முகத்தில் இருந்தது.

"அழுவாதப்பா," என்றாள். "அந்த ஸ்ரீகாந்துப் புள்ளைக்கு நானே நல்ல எடமாப் பாத்து முடிச்சித் தரேன், இன்னிக்கு நாங்க பாக்க வந்தது உன்னத்தான்."